கடைக்குள் தெரிந்த மணி வெயிலில் ஏன் தெரியவில்லை?

வாட்ச் வாங்கும்போது டயல் நிறத்தை யாரும் மணி பார்ப்பதற்காகத் தேர்ந்தெடுப்பதில்லை. சட்டைக்குப் பொருந்துமா, கைக்கு எடுப்பாக இருக்குமா என்றுதான் பார்க்கிறோம். அதில் தப்பும் இல்லை. ஆனால் கடைக்குள் அப்படி மின்னிய நீல டயல், மத்தியான வெயிலில் கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்டில் நிற்கும்போது முள் எங்கே என்று தேட வைத்தால், பழி நேராக நிறத்தின் மேல் விழும். "நீலம் எடுத்திருக்கவே கூடாது, வெள்ளையே எடுத்திருக்கலாம்" என்பார் வாங்கியவர். பக்கத்தில் வெள்ளை டயல் கட்டி நிற்பவரும் முள் தெரியாமல் மணிக்கட்டை இப்படியும் அப்படியும் திருப்பிக்கொண்டிருப்பார், அதை அவர் கவனித்திருக்க மாட்டார்.

நிறத்துக்குப் பங்கு உண்டு, ஆனால் நாம் நினைப்பதைவிடச் சின்னப் பங்கு. டயலுக்கும் முள்ளுக்கும் இடையே எவ்வளவு வெளிச்ச வித்தியாசம், இரண்டும் பளபளப்பா அல்லது பளபளப்பில்லாத மேட் பூச்சா, மேலே மூடியிருக்கும் கண்ணாடி எப்படிப்பட்டது, முள் எவ்வளவு பட்டை, பார்க்கிற கண்ணுக்கு என்ன வயது என்று பல விஷயங்கள் சேர்ந்துதான் மணி தெரிவதும் தெரியாததும். இதில் எது முக்கியம் என்பது நீங்கள் எந்த வெளிச்சத்தில் நிற்கிறீர்கள் என்பதைப் பொறுத்து மாறிக்கொண்டே இருக்கும்.

வாட்ச் நம் பகுதிக்கு அந்நியப் பொருள் இல்லை. 1984ல் டாடா குழுமமும் தமிழக அரசின் தொழில் வளர்ச்சி நிறுவனமான டிட்கோவும் கூட்டாகத் தொடங்கிய டைட்டனின் வாட்ச் தொழிற்சாலை ஓசூரில்தான் இருக்கிறது. அப்போது ஓசூர் தர்மபுரி மாவட்டம். 2004ல்தான் கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது. வாட்ச் செய்கிற ஊர் என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். இந்த இரண்டு மாவட்டத்திலும் மனிதர்கள் மணி பார்க்கும் வெளிச்சங்களைச் சும்மா எண்ணிப் பார்த்தாலே வியப்பாக இருக்கும். குவாரியின் வெட்டவெளி வெயில், ரோஜா வளரும் பாலிஹவுஸின் பால் போன்ற வெளிச்சம், பட்டுப்புழு வளர்ப்பு மனையின் அரையிருட்டு, விடியுமுன் கூடும் பூ மார்க்கெட், சிப்காட் ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கும் நள்ளிரவு. ஒரே வாட்ச் இத்தனைக்கும் ஈடுகொடுக்க வேண்டியிருக்கிறது.

வெளிச்சம் மாறினாலும் மாறாத ஒன்று

நல்ல வெள்ளைப் பூச்சு தன்மேல் விழும் வெளிச்சத்தில் சுமார் 80 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும். மேட் கறுப்பு சுமார் 5 சதவீதம்தான் திருப்பும். ஆக, வெள்ளை டயலில் கறுப்பு முள் இருந்தாலும் சரி, கறுப்பு டயலில் வெள்ளை முள் இருந்தாலும் சரி, இரண்டுக்கும் இடையே 16 மடங்கு வித்தியாசம். உச்சி வெயிலில் தரையில் விழும் வெளிச்சம் சுமார் ஒரு லட்சம் லக்ஸ் (ஒரு பரப்பில் விழும் வெளிச்சத்தை அளக்கும் அலகு). அலுவலக மேசையில் 300 முதல் 500 லக்ஸ். வீட்டில் டியூப் லைட்டுக்குக் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தால் 100, 150 இருக்கும். பௌர்ணமி நிலவில் கால் லக்ஸ். வெளிச்சம் இப்படி லட்சக்கணக்கான மடங்கு ஏறி இறங்கினாலும் அந்த 16 மடங்கு அப்படியேதான் இருக்கும். இரண்டும் ஒரே விகிதத்தில் கூடும், ஒரே விகிதத்தில் குறையும்.

இந்தக் கணக்கில் இடிபடுவது நடுத்தர நிறங்கள். போட்டோ ஸ்டூடியோக்காரர்கள் வெளிச்சம் அளக்கப் பயன்படுத்தும் சாம்பல் அட்டை 18 சதவீத வெளிச்சத்தைத் திருப்புகிறது. அதே சாம்பலில் டயல் இருந்தால் வெள்ளை முள் வைத்தாலும் நாலரை மடங்குதான் வித்தியாசம், கறுப்பு முள் வைத்தால் மூன்றரைக்குச் சற்று மேல். இப்போது விற்கும் வெளிர் பச்சை, செங்கல் நிறம், புகைச் சாம்பல் டயல்கள் எல்லாம் ஏறக்குறைய இந்த நடுப்பகுதியில் விழுகின்றன. கடல்நீலமோ இருண்ட பச்சையோ நிறம் என்று பெயருக்கு இருந்தாலும், மணி பார்க்கும் கண்ணுக்கு அவை கிட்டத்தட்ட கறுப்புதான். வெள்ளை முள் வைத்தால் கறுப்பு டயலைப் போலவே நன்றாகத் தெரியும்.

மாப்பிள்ளைக்கு எடுக்கும் வாட்சைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். தங்க நிற டயல், தங்க நிற முள், தங்க நிறக் கோடுகள். மண்டபத்து மஞ்சள் விளக்கில் பார்க்க லட்சணமாக இருக்கும். டயலும் முள்ளும் ஒரே நிறம், ஒரே அளவு வெளிச்சம் திருப்புபவை. அதை வைத்து மணி பார்ப்பது கஷ்டம் என்பது எனக்குக் குறையாகத் தெரியவில்லை. அது நகை, நகையாகவே இருக்கட்டும். தினமும் வேலைக்குக் கட்டிப் போக வேறொன்று வேண்டும், அவ்வளவுதான்.

பளபளப்பு செய்யும் வேலை

16 மடங்கு கணக்கு பெயிண்ட் அடித்த முள்ளுக்குத்தான் பொருந்தும். கடையில் இருக்கும் பல வாட்சுகளில் முள் பாலிஷ் செய்த உலோகம். பாலிஷ் செய்த உலோகம் கண்ணாடி மாதிரி. அதற்கென்று நிறம் கிடையாது, எதிரே இருப்பதைக் காட்டும். வெள்ளி நிற டயலில் வெள்ளி முள் இருந்து, வானம் அந்த முள்ளில் விழுந்தால் வெள்ளை மேல் வெள்ளை. முள் போய்விடும். அதுவே கறுப்பு டயலாக இருந்து, குனிந்து பார்க்கும் உங்கள் முகத்தின் நிழல் முள்ளில் விழுந்தால் கறுப்பு மேல் கறுப்பு. அப்போதும் முள் போய்விடும். மணிக்கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பது எதற்கென்று இப்போது புரியும். முள்ளில் வேறு ஏதாவது விழுகிற கோணத்தைத்தான் கை தேடுகிறது.

பழைய வாட்ச் செய்தவர்களுக்கு இது நன்றாகத் தெரிந்திருந்தது. சில முட்களின் நடுவே நீளவாக்கில் ஒரு மேடு ஓடும். இரண்டு பக்கமும் கூரை போலச் சரியும். ஒரு சரிவில் வானம் விழுந்தால் இன்னொரு சரிவில் இருட்டு விழும். எந்தக் கோணத்தில் பிடித்தாலும் முள்ளின் ஒரு பாதியாவது டயலிலிருந்து வேறுபட்டு நிற்கும். வெறும் தட்டைத் தகட்டில் பாலிஷ் போட்ட முள்ளுக்கு இந்த வசதி இல்லை. கடையில் முள்ளைக் கிட்டத்தில் வைத்து, நடுவில் அந்தக் கோடு ஓடுகிறதா என்று பார்ப்பது நிறத்தைப் பார்ப்பதைவிட உருப்படியான வேலை.

அப்புறம் சன்ரே டயல். டயல் தகட்டில் மையத்திலிருந்து விளிம்பு வரை ஆரம் ஆரமாக நுண்ணிய கீறல் போட்டு, மேலே நிறமும் வார்னிஷும் பூசியது. ஒற்றை விளக்குக்கு அடியில் பிடித்தால் டயலில் விசிறி விரித்தது போல ஒரு வெளிச்சப் பட்டை தெரியும்; கையைத் திருப்பினால் அது சுழலும். கடைகளில் கண்ணாடிப் பெட்டிக்குள் குட்டிக் குட்டி ஸ்பாட் லைட் வைத்திருப்பது இந்த அழகைக் காட்டத்தான். மணி பார்க்கும்போது அதுவே தொல்லை. பட்டைக்கு வெளியே டயல் இருட்டு, பட்டைக்குள் வெளிச்சம். வெளியே நன்றாகத் தெரியும் வெள்ளி முள், பட்டையைத் தொடும் இடத்தில் டயலோடு கரைந்துவிடும். வெயிலும் ஒற்றை விளக்குதான் என்பதால் அங்கேயும் இதே கதை.

பாலிஹவுஸுக்குள் நிலைமை தலைகீழ். ஓசூர்ப் பக்கம் ரோஜாவுக்குப் போட்டிருக்கும் பாலித்தீன் கூரை வெயிலைச் சிதறடித்து எல்லாப் பக்கத்திலிருந்தும் அனுப்புகிறது. நிழல்கூட மங்கலாகத்தான் விழும். சன்ரே டயலில் விசிறி மறைந்து முழுக்க ஒரே நிறமாகிவிடும். கூரைச் சரிவு முள்ளின் இரண்டு பக்கத்திலும் ஒரே வெள்ளைக் கூரை விழுவதால் அந்தச் சாமர்த்தியமும் பாதி வீண். பெயிண்ட் அடித்த முள்ளுக்கு மட்டும் அங்கே எந்த நஷ்டமும் இல்லை.

கண்ணாடி என்னும் இன்னொரு டயல்

சாதாரண வாட்ச் கண்ணாடியின் ஒவ்வொரு பக்கமும் சுமார் 4 சதவீத வெளிச்சத்தைத் திருப்பிவிடும். மேலும் கீழுமாக மொத்தம் 8. விலை கூடிய சஃபயர் கண்ணாடியில், அதாவது செயற்கை நீலக்கல்லில், எளிதில் கீறல் விழாது; ஆனால் அதில் ஒவ்வொரு பக்கமும் 7 சதவீதத்துக்கு மேல் திரும்புகிறது, இரண்டும் சேர்ந்து 14, 15 வந்துவிடும். உள்ளே இருக்கும் கறுப்பு டயல் திருப்புவதே 5 சதவீதம்தான் என்பதை இதோடு சேர்த்துப் பாருங்கள்.

ராத்திரி தொப்பூர் கணவாயில் பஸ் ஏறும்போது ஜன்னல் கண்ணாடியில் நம் முகம்தான் தெரியும், வெளியே உள்ள மலை தெரியாது. பகலில் அதே கண்ணாடியில் மலை தெரியும், முகம் தெரியாது. கண்ணாடி திருப்பும் அளவு இரண்டு வேளையும் ஒன்றுதான். பின்னால் இருட்டா வெளிச்சமா என்பதே வித்தியாசம். கறுப்பு டயலில் டியூப் லைட், சட்டைப் பட்டன், சொந்த மூக்கு எல்லாம் தெரிவது இதனால்தான். வெள்ளை டயலிலும் அதே அளவு பிம்பம் விழுகிறது, பின்னாலிருக்கும் வெளிச்சத்தில் அமுங்கிவிடுகிறது. கறுப்பில் அந்தப் பிம்பத்தின் கோடுகள் முள்ளோடு குழம்பிப்போகும். "வெயிலுக்குக் கறுப்பு, வீட்டுக்கு வெள்ளை" என்று கடைக்காரர்கள் சொல்வதில் இந்தப் பிம்பத் தொல்லையைச் சேர்த்துக்கொண்டால் பாதி உண்மை உண்டு.

வெள்ளையும் முழுக்கத் தப்பிப்பதில்லை. மாங்கூழ் தொழிற்சாலையின் குடோனுக்குள் 200 லக்ஸ் வெளிச்சத்தில் நிற்கிறீர்கள் என்று வையுங்கள். வெள்ளை டயலின் ஒளிர்வு, அதாவது அதிலிருந்து கண்ணுக்கு வரும் வெளிச்சத்தின் அளவு, சதுர மீட்டருக்குச் சுமார் 50 கேண்டெலா. திறந்திருக்கும் ஷட்டர் வழியே தெரியும் பகல் வானம் 3,000 கேண்டெலா இருக்கலாம். அது கண்ணாடியில் விழும் கோணத்தில் கையைப் பிடித்தால், 8 சதவீதக் கணக்கில் 240 கேண்டெலா டயலின் மேல் வந்து உட்காரும். டயல் 50லிருந்து 290 ஆகும். கறுப்பு முள் 3லிருந்து 243 ஆகும். 16 மடங்கு வித்தியாசம் 1.2 மடங்காகச் சுருங்கிவிட்டது. எந்த நிறம் வாங்கினாலும் இதற்குப் பரிகாரம் கையைக் கொஞ்சம் சாய்ப்பதுதான். தட்டைக் கண்ணாடி என்றால் சற்றுச் சாய்த்தாலே வானம் விலகிவிடும். பழைய எச்.எம்.டி. வாட்சுகளில் இருந்த குவிந்த அக்ரிலிக் (ஒரு வகை பிளாஸ்டிக்) கண்ணாடியில் எப்படிச் சாய்த்தாலும் எங்கேயாவது ஒரு மூலையில் வானம் இருந்துகொண்டே இருக்கும்.

கண்ணாடியில் கீறல் விழுந்தால் நிலைமை இன்னும் மோசம். இதில் நம் பகுதிக்கென்று ஒரு காரணம் இருக்கிறது. கிரானைட் தூசியில் குவார்ட்ஸ் கலந்திருக்கிறது. கடினத்தன்மை அளவுகோலில் குவார்ட்ஸுக்கு 7. வாட்சுகளில் போடும் சாதாரணக் கண்ணாடிக்கு ஐந்தரை, ஆறு. அக்ரிலிக் அதைவிட ரொம்ப மென்மை. கல் அறுக்கும் பட்டறையில் வேலை பார்ப்பவர் கண்ணாடியைச் சட்டை முனையால் துடைத்தால், தூசியை வைத்தே தேய்க்கிறார் என்று பொருள். ஒவ்வொரு நுண்கீறலும் வெயிலில் தனியாக மின்னும். எல்லாம் சேர்ந்து வெள்ளைத் திரை மாதிரி ஆகும். கறுப்பு டயல் அந்தத் திரைக்குப் பின்னால் சாம்பலாகிவிடும். சஃபயர் 9 என்பதால் அதைக் குவார்ட்ஸால் ஒன்றும் செய்ய முடியாது. குவாரி வேலைக்கு ஒரு வாட்ச் என்றால் நான் கண்ணாடிக்குத்தான் காசைப் போடச் சொல்வேன்.

உச்சி வெயிலில் இன்னொன்றும் நடக்கிறது. வெளிச்சமானது கண்ணுக்குச் சற்று விரிந்து தெரியும். இருட்டானது சுருங்கித் தெரியும். வெள்ளை டயல் நேர் வெயிலில் சுமார் 25,000 கேண்டெலா ஒளிர்வைத் தொடும். அதன்மேல் இருக்கும் மெல்லிய கறுப்பு முள்ளை அந்த வெண்மை இரண்டு பக்கமும் அரித்துத் தின்றுவிடும். கறுப்பு டயலில் அதே கனமுள்ள வெள்ளை முள் கொஞ்சம் தடித்துத் தெரியும். முள் ஊசி போல இருந்தால் கறுப்பு டயலுக்குச் சாதகம். பட்டையாக இருந்தால் இந்த வித்தியாசம் ஒரு பொருட்டே இல்லை.

பூ மார்க்கெட் நேரம்

விடிவதற்கு முன்னால் பூ மூட்டைகள் வந்து இறங்கும் நேரத்தில், விளக்கு வெளிச்சம் படாத ஓரமாகக் கிடக்கும் சிவப்பு ரோஜாக் கட்டைப் பாருங்கள். பூ கறுத்துக் கிடக்கும்; இலையும் காம்பும் அதைவிட வெளிச்சமாகத் தெரியும். வெயில் ஏறிய பிறகு அதே கட்டில் பூதான் கண்ணைப் பறிக்கும், இலை பின்னால் போய்விடும். செக் நாட்டு உடலியலாளர் யான் பூர்கின்யே 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் பூக்களில் கவனித்துப் பதிவு செய்தது இதைத்தான். அவர் பெயரிலேயே இந்த விளைவு இன்றும் வழங்குகிறது.

காரணம் கண்ணுக்குள் இருக்கிறது. பகலில் வேலை பார்ப்பவை கூம்பு செல்கள். அவை 555 நானோமீட்டர் அலைநீளத்தில், அதாவது மஞ்சள் கலந்த பச்சையில், அதிகக் கூர்மை. வெளிச்சம் குறையும்போது பொறுப்பு கோல் செல்களுக்குக் கைமாறுகிறது. அவற்றின் உச்சம் 507 நானோமீட்டர், நீலம் கலந்த பச்சை. கோல் செல்களுக்கு நிறம் தெரியாது. சிவப்பு அவற்றுக்கு ஏறக்குறைய கறுப்பு.

வாட்சில் இது எங்கே உதைக்கும் என்றால், கறுப்பு டயலில் சிவப்பு முள் உள்ள மாடல்களில். பகலில் கம்பீரமாகத் தெரியும் அந்தச் சிவப்பு, அந்தியில் எல்லாவற்றுக்கும் முன்னால் மறையும். நொடி முள் மட்டும் சிவப்பு என்றால் பரவாயில்லை, அந்த நேரத்தில் நொடி யாருக்கு வேண்டும்? மணி முள்ளே சிவப்பு என்றால் வேண்டாம் என்பேன். ஆண்களில் சிலருக்குப் பிறவியிலேயே சிவப்பு மங்கலாகத் தெரியும். அவர்களுக்கு அது பகலிலும் கறுப்பு மேல் கறுப்புதான். அதே சிவப்பு முள் வெள்ளை டயலில் இருந்தால் அந்தியில் கறுத்து இன்னும் நன்றாகவே தெரியும் என்பது இதன் மறுபக்கம்.

நீல டயலுக்கு அந்தியில் என்ன ஆகும்? நீலம் ஒப்பளவில் கொஞ்சம் வெளிறும். கறுப்பு முள் வைத்த நடுத்தர நீல டயலுக்கு அதனால் சிறு லாபம். பழைய சோடியம் தெருவிளக்கின் அடியில் கதை மாறும். அந்த மஞ்சளில் நீலம் மிகக் குறைவு. திருப்பி அனுப்ப நீலம் இல்லாததால் நீல டயல் கறுப்பாகவே தெரியும். வெள்ளை முள் அங்கே பளிச்சென்று இருக்கும், கறுப்பு முள் காணாமல் போகும். எல்.இ.டி. விளக்குகளில் நீலம் தாராளமாக இருப்பதால் அங்கே நீலம் நீலமாகவே தெரியும்.

நிறத்தைவிடப் பெரிய அடி அந்தியில் கூர்மைக்குத்தான் விழுகிறது. நேராகப் பார்க்கும்போது பிம்பம் விழும் நடுப்புள்ளியில் கோல் செல்களே இல்லை. அவற்றை மட்டும் நம்பிப் பார்க்கும் நிலையில் பார்வை 6/60 அளவுக்கு, அதாவது சாதாரணக் கண் 60 மீட்டரில் பார்ப்பதை 6 மீட்டரில்தான் பார்க்க முடியும் என்ற அளவுக்கு, இறங்கிவிடும். கணக்குப் போட்டால், 30 சென்டிமீட்டர் தூரத்தில் பிடித்த வாட்சில் அரை மில்லிமீட்டர் பட்டையுள்ள முள் கண்ணில் சுமார் 6 கோண நிமிட (ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு) அகலம்தான் பிடிக்கும். அந்த இருட்டில் கண்ணுக்குப் பிரித்தறிய 10 வேண்டும். ஒரு மில்லிமீட்டர் முள் 11ஐத் தாண்டி நிற்கிறது. பட்டுப்புழு மனைக்குள் மணி பார்க்க ஆகிற வாட்ச் எது என்று கேட்டால், நிறத்தைச் சொல்ல மாட்டேன், பட்டை முள் என்றுதான் சொல்வேன்.

முழு இருட்டில் டயல் நிறத்துக்கு வேலையே இல்லை. ஒளிரும் பூச்சு மட்டுமே பேசும். ஊரில் இன்னும் "ரேடியம் முள்" என்றுதான் சொல்கிறோம். உண்மையான ரேடியம் கலந்த பூச்சு 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியோடு சேர்ந்தது. அமெரிக்காவில் அந்த டயல்களுக்குப் பூச்சுப் பூசிய பெண்கள் தூரிகை நுனியை உதட்டில் வைத்துக் கூராக்கி, அதனால் நோயுற்று இறந்த பிறகு அதன் ஆபத்து உலகுக்குத் தெரிந்தது. பின்னர் டிரிட்டியம் என்ற இன்னொரு கதிரியக்கப் பொருள் வந்தது. 1993ல் ஜப்பானின் நெமோட்டோ நிறுவனம் கதிரியக்கம் இல்லாத ஸ்ட்ரான்ஷியம் அலுமினேட் பூச்சைக் கொண்டுவந்தது. இன்றைய வாட்சுகளில் இருப்பது பெரும்பாலும் அந்த வகை. அது வெளிச்சத்தைக் குடித்துத்தான் ஒளிரும். முழுக்கை சட்டைக்குள் மூடிக்கிடந்த வாட்ச் ராத்திரி ஷிப்டில் ஒளிரவில்லை என்றால் பூச்சின் மேல் தப்பில்லை.

இந்தப் பூச்சில் ஒரு வேடிக்கை உண்டு. வெள்ளை டயல், உள்ளே ஒளிப்பூச்சு நிரப்பிய முள். பகலில் முள்ளின் கறுப்பு ஓரம் தெரியும், இருட்டில் பூச்சு ஒளிரும். இரண்டுக்கும் நடுவே கருக்கலில் ஒரு கட்டம் வரும். அப்போது டயல் திருப்பும் வெளிச்சமும் பூச்சு விடும் வெளிச்சமும் சமமாகி, மெல்லிய ஓரம் மட்டும் மிஞ்சும். கறுப்பு டயலில் இந்தக் குழி இல்லை. பகலிலும் வெளிச்சமான முள், இரவிலும் வெளிச்சமான முள். 1945ல் பிரிட்டிஷ் ராணுவத்துக்காகச் செய்யப்பட்ட கைக்கடிகாரங்களுக்குக் கறுப்பு டயலும் ஒளிரும் முள்ளும் கேட்கப்பட்டதில் நியாயம் இருக்கிறது. அமெரிக்க ரயில்வேயோ 1891ல் ஒஹாயோவின் கிப்டனில் நடந்த ரயில் மோதலுக்குப் பிறகு, 1893ல் வகுத்த கடிகார விதிகளில் வெள்ளை டயலில் தடித்த கறுப்பு எண்களைக் கேட்டது. எஞ்சின் ஓட்டுபவருக்கு விளக்கு இருந்தது. போர்முனையில் விளக்கேற்றினால் உயிர் போகும். எச்.எம்.டி.யின் 'பைலட்' மாடலின் கறுப்பு டயலுக்குப் பின்னாலும் அந்த ராணுவ மரபுதான் இருக்கிறது.

வயதான கண்

கிருஷ்ணகிரியில் ஒரு வாட்ச் கடையில் ஒரு பெண் தன் அப்பாவுக்காகக் கேட்டுக்கொண்டிருந்தார். "அண்ணா, அப்பாவுக்குக் கண்ணு கொஞ்சம் மங்கல். தெளிவா தெரியற மாதிரி ஒண்ணு காட்டுங்க." கடைக்காரர் பெரிய எண் போட்ட நாலைந்தை எடுத்து வைத்துவிட்டு, "இங்க எல்லாமே நல்லாத்தாம்மா தெரியும். வெளிய படிக்கட்டுல எடுத்துட்டுப் போய்ப் பாரு. அப்புறம் அந்த மூலையில, பேன் லைட்டு மறைக்கிற இடத்துல பாரு" என்றார். அந்தப் பெண் திரும்பி வந்தபோது சன்ரே நீலத்தை ஒதுக்கி, மேட் வெள்ளையைக் கையில் வைத்திருந்தார். வியாபாரத்தில் இவ்வளவு நேர்மையைத் தினமும் பார்க்க முடிவதில்லை.

60 வயதுக் கண்ணின் விழித்திரைக்குப் போய்ச் சேரும் வெளிச்சம் 20 வயதுக் கண்ணுக்குப் போவதில் மூன்றில் ஒரு பங்கு போல இருக்கும். கண் பாப்பா சுருங்கிவிடுகிறது, கண்ணின் லென்ஸ் மஞ்சளாகிறது. மஞ்சள் லென்ஸ் நீலத்தை விழுங்கும். அதனால் நீல டயலில் கறுப்பு எண் அவர்களுக்கு மகன் பார்ப்பதைவிட மோசமாகத் தெரியும். புரை இருந்தால் வெளிச்சம் சிதறி, பளபளப்பான எல்லாமே மினுக்கும். கணினித் திரையில் நடந்த ஆய்வுகளில் வெளிச்சப் பின்னணியில் இருண்ட எழுத்தே சற்று எளிதாகப் படிக்க வருகிறது. வெளிச்சத்தில் பாப்பா சுருங்கிப் பிம்பம் கூர்மையாவதைக் காரணமாகச் சொல்கிறார்கள். ஒரு அங்குல டயலுக்குப் பாப்பாவைச் சுருக்கும் சக்தி பெரிதாக இருக்காது என்பது என் எண்ணம். ஆனாலும் வீட்டுக்குள் மணி பார்க்கும் பெரியவர்களுக்கு மேட் வெள்ளை, பட்டையான கறுப்பு முள், முழு எண்கள் என்பதை மறுக்க எனக்குக் காரணம் எதுவும் தெரியவில்லை.

டிஜிட்டலுக்கும் ஒரு வார்த்தை. கறுப்புப் பின்னணியில் வெளிர் எண் காட்டும் எல்.சி.டி. வாட்சுகள் பையன்களுக்குப் பிடிக்கும். எல்.சி.டி. தானாக ஒளிர்வதில்லை, மேலிருந்து வரும் வெளிச்சம் உள்ளே போய்த் திரும்ப வேண்டும், போகும் வழியில் ஒரு திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும் போலரைசர் தகட்டிலேயே பாதிக்கு மேல் தொலைந்துவிடும். கறுப்புப் பின்னணி என்றால் எண்களின் மெல்லிய கோடு வழியாக மட்டும் மிச்சம் திரும்புகிறது. வீட்டு வெளிச்சத்திலேயே உற்றுப் பார்க்க வேண்டியிருக்கும். சாம்பல் பின்னணியில் கறுப்பு எண் உள்ள பழைய பாணி எவ்வளவோ மேல். போலரைஸ்டு கூலிங் கிளாஸ் போட்டு வண்டி ஓட்டுபவர்களுக்கு ஒரு குறிப்பிட்ட கோணத்தில் அந்தத் திரை முழுக்கக் கறுத்துவிடும், வாட்ச் கெட்டுவிடவில்லை. ஸ்மார்ட் வாட்ச் தானாக ஒளிர்வதுதான், ஆனால் அது 1,000 கேண்டெலாவுக்கு ஒளிர்ந்தாலும் வெயிலில் 25,000 காட்டும் சாதாரண வெள்ளை டயலோடு போட்டி போட வேண்டியிருக்கிறது.

ஏற்கெனவே கையில் இருக்கும் வாட்சுக்கு என்ன செய்யலாம்? அக்ரிலிக் கண்ணாடி கீறியிருந்தால் பற்பசை வைத்துத் தேய்த்தாலே பெரும்பாலும் தெளிந்துவிடும். சாதாரணக் கண்ணாடியைத் தேய்ப்பது வெட்டி வேலை. ரிப்பேர் கடையில் விட்டம் அளந்து புதிதாகப் போட்டுவிடலாம், அதிகம் ஆகாது. சஃபயர் போடுவதென்றால், அதுவும் கறுப்பு டயலுக்கு என்றால், உள்பக்கம் பிரதிபலிப்பைக் குறைக்கும் பூச்சு உள்ளதாகக் கேளுங்கள். 15 சதவீதம் பாதியாகும். வெளிப்பக்கமும் பூசினால் 1, 2 சதவீதத்துக்கே இறங்கும், ஆனால் சஃபயர் கீறாவிட்டாலும் அந்தப் பூச்சு கீறும். பளபளக்கும் முள்தான் பிரச்சினை என்றால், அதே மூவ்மெண்ட் (முள்ளை ஓட்டும் உள் இயந்திரம்) உள்ள வேறொரு மாடலின் வெள்ளை முள்ளைக் கழற்றிப் போட்டுக்கொடுக்கும் மெக்கானிக்குகள் இருக்கிறார்கள். துளை அளவு ஒத்துப்போக வேண்டும், நிமிட முள் டயல் ஓரத்துக் கோடுகளை எட்ட வேண்டும், அதை மட்டும் பார்த்துக்கொண்டால் போதும்.